பள்ளி பிராஜெக்டுக்கு கேமா? தாராளமாகச் செய்யட்டும்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் மாதம் முடிவதற்குள் ஒரு சண்டை வந்துவிடும். "படிப்புக்குன்னு வாங்கிக் கொடுத்தா எந்நேரமும் கேம்தானா?" என்று அப்பா கேட்பார். பிள்ளைகள் பதில் பேசாமல் விண்டோவை மினிமைஸ் செய்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தச் சண்டையில் நான் தலையிடப் போவதில்லை. கேம் விளையாடுவது வேறு, கேம் செய்வது வேறு. இரண்டாவதைப் பற்றி மட்டும்தான் இங்கே எழுதுகிறேன். பள்ளியில் கம்ப்யூட்டர் பிராஜெக்ட் கொடுக்கும்போது, "நான் ஒரு சின்ன கேம் செஞ்சு கொடுக்கட்டுமா?" என்று உங்கள் வீட்டுப் பிள்ளை கேட்டால், தயங்காமல் சரி என்று சொல்லுங்கள். இதுதான் என் கட்சி.

ஏன் என்று சொல்வதற்கு முன்னால், மாணவர்கள் பிராஜெக்டாகச் செய்த ஒரு கேமைப் பார்த்துவிடுவோம்.

ரெட்மண்டில் ஒரு இறுதியாண்டு பிராஜெக்ட்

அமெரிக்காவில் ரெட்மண்ட் என்றதும் நமக்கு மைக்ரோசாப்ட்தான் நினைவுக்கு வரும். அதே ஊரில் டிஜிபென் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி என்று ஒரு கல்லூரி இருக்கிறது. 1988ல் கனடாவின் வான்கூவரில் தொடங்கி, 1998ல் ரெட்மண்டுக்கு வந்தது. கம்ப்யூட்டர் கேம் உருவாக்குவதையே பட்டப் படிப்பாகச் சொல்லித் தரும் இடம். இங்கே படிப்பவர்கள் குழுவாகச் சேர்ந்து பிராஜெக்டாக ஒரு கேம் செய்தாக வேண்டும். 2005ல் அப்படி ஏழெட்டு மாணவர்கள் சேர்ந்து செய்ததுதான் 'நார்பாகுலர் ட்ராப்'. குழுவுக்கு நியூக்ளியர் மங்கி சாப்ட்வேர் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். கிம் ஸ்விஃப்ட் அந்தக் குழுவில் ஒருவர்.

நார்பாகுலர் என்றால் என்ன அர்த்தம் என்று டிக்ஷனரியைப் புரட்ட வேண்டாம். அப்படி ஒரு சொல்லே கிடையாது. இன்டர்நெட்டில் தேடினால் தங்கள் கேம் மட்டும்தான் வர வேண்டும் என்பதற்காக அவர்களே உண்டாக்கிய சொல் அது. (நம் ஊரில் தங்கள் சாப்ட்வேருக்கு 'ஸ்மார்ட்', 'ஈஸி' என்று பெயர் வைத்துவிட்டு, தேடினால் கிடைக்கவில்லையே என்று புலம்புபவர்கள் இதைக் கவனிக்கலாம்.)

கதை எளிமையானது. ஓர் இளவரசி நிலவறையில் சிறைப்பட்டிருக்கிறாள், தப்பிக்க வேண்டும். அவளுக்குக் குதிக்கத் தெரியாது. பெயரே 'நோ நீஸ்', அதாவது முழங்கால் இல்லாதவள்! ஆனால் அந்த நிலவறைக்கு உயிர் இருக்கிறது. அது அவளுக்கு உதவுகிறது, சுவரில் இரண்டு வாசல்களைத் திறந்து. ஒரு வாசல் இங்கே, இன்னொன்று எதிர்ச் சுவரில் அல்லது கூரையில் அல்லது தரையில். இந்த வாசலுக்குள் நுழைந்தால் அந்த வாசல் வழியாக வெளியே வரலாம். இடையில் எத்தனை பெரிய பள்ளம் இருந்தாலும் கவலையில்லை. கேம் முழுக்க இந்த ஒரே தந்திரம்தான். விரல் விட்டு எண்ணக்கூடிய புதிர்கள், சீக்கிரமே ஆடி முடித்துவிடலாம்.

ஏழெட்டுப் பேர் மாதக்கணக்கில் உழைத்து இவ்வளவு சின்ன கேமா என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்த வாசலைத் திரையில் வரைவது எவ்வளவு வேலை என்று ஒரு புரோகிராமரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஒரு 3டி கேமில் நீங்கள் பார்ப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஒரு கேமரா பார்ப்பதுதான். சுவரில் ஒரு வாசலைத் திறந்தால், அதன் வழியே அடுத்த பக்கம் தெரிய வேண்டும். அதற்கு இரண்டாவது வாசலுக்குப் பின்னால் இன்னொரு கற்பனைக் கேமராவை வைக்க வேண்டும். நீங்கள் முதல் வாசலை எந்தக் கோணத்தில், எவ்வளவு தூரத்தில் இருந்து பார்க்கிறீர்களோ, அதே கோணத்தில், அதே தூரத்தில் அது இரண்டாவது வாசலின் வழியே பார்க்க வேண்டும். அது பார்க்கும் காட்சியை முதல் வாசலின் அளவுக்கு வெட்டி அங்கே ஒட்ட வேண்டும். நீங்கள் ஓர் அடி நகர்ந்தால் மறுபடியும் எல்லாக் கணக்கும் போட வேண்டும், ஒரு வினாடிக்குள் பல தடவை. சரி, முடிந்ததா? இல்லை. இரண்டு வாசல்களும் எதிரெதிரே இருந்தால், சலூன் கடைக் கண்ணாடிகளைப் போல வாசலுக்குள் வாசல், அதற்குள் வாசல் என்று போய்க்கொண்டே இருக்கும். எந்த இடத்தில் நிறுத்துவது என்று புரோகிராம்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்குப் பிறகு, தரையில் நுழைந்தவள் சுவர் வழியாக வெளியே வரும்போது எது மேல், எது கீழ் என்கிற பிரச்னை வேறு.

இத்தனை சிக்கல் கையில் இருக்கும்போது இளவரசிக்குக் குதிக்கத் தெரியாமல் இருப்பது எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று யோசியுங்கள். குதித்தால் அதற்குத் தனி புரோகிராம், தனி அனிமேஷன், குதித்துப் புதிரை ஏமாற்றிவிடாமல் தடுக்கத் தனி வேலை. குதிக்க முடியாது என்று வைத்துவிட்டால் இத்தனையும் மிச்சம். வாசலைப் பயன்படுத்துவதைத் தவிர விளையாடுபவருக்கும் வேறு வழியில்லை. என்னைக் கேட்டால், அந்த பிராஜெக்டில் மிக நல்ல முடிவு இதுதான். எதைச் செய்யாமல் விடுவது என்று தெரிந்தவர்கள்தான் சாப்ட்வேரை முடித்துக் கொடுக்கிறார்கள்.

பிறகு நடந்தது கேம் உலகில் எல்லோருக்கும் தெரிந்த கதை. கல்லூரியில் நடந்த கண்காட்சியில் இந்த கேமை வால்வ் நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவர் பார்த்தார். 'ஹாஃப் லைஃப்' கேமை உருவாக்கிய நிறுவனம் இது. அலுவலகம் பக்கத்து ஊரான பெல்வியூவில். மாணவர்களை வரச் சொன்னார்கள். நிறுவனத் தலைவர் கேப் நியூவெல் கேமைப் பார்த்துவிட்டு, குழுவையே வேலைக்கு எடுத்துக்கொண்டார். அதே வாசல் தந்திரத்தை வைத்துப் புதிதாக ஒரு கேம் செய்யும் வேலை. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2007 அக்டோபர் 10ம் தேதி 'தி ஆரஞ்ச் பாக்ஸ்' என்ற தொகுப்பில் 'போர்ட்டல்' வெளியானது. 2008ல் கேம் டெவலப்பர்ஸ் சாய்ஸ் விருதுகளில் ஆண்டின் சிறந்த கேம் என்ற பரிசையும் பெற்றது. போர்ட்டலும் சின்ன கேம்தான் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்னொரு சுவையான விஷயம்: அதே கல்லூரி மாணவர்கள் 2009ல் செய்த, பெயிண்ட் அடித்து வழி கண்டுபிடிக்கும் 'டேக்' என்ற கேமையும் வால்வ் விடவில்லை. அந்தக் குழுவையும் வேலைக்கு எடுத்தது. 2011ல் வந்த 'போர்ட்டல் 2'ல் அந்தப் பெயிண்ட் வேலையைப் பார்க்கலாம்.

பலர் சொல்லாமல் விடும் ஒரு தகவல் இருக்கிறது. டிஜிபென்னில் மாணவர்கள் செய்யும் கேம்களின் காப்பிரைட் கல்லூரியிடம்தான் இருக்கும், மாணவர்களிடம் இருக்காது. போர்ட்டலில் இளவரசி இல்லை, நிலவறை இல்லை. ஓர் ஆராய்ச்சிக்கூடம், அதில் பேசும் ஒரு கம்ப்யூட்டர் என்று எல்லாம் புதிது. புரோகிராமும் வால்வ் நிறுவனத்தின் சோர்ஸ் என்ஜினில் புதிதாக எழுதப்பட்டது. அப்படியென்றால் அந்த மாணவர்கள் கல்லூரியை விட்டு எதை எடுத்துக்கொண்டு வந்தார்கள்? பைலை அல்ல, சிடியை அல்ல. வாசல் எப்படி வேலை செய்கிறது, எங்கே உடைகிறது, எந்தப் புதிர் விளையாடுபவரைக் குழப்பும் என்று தங்கள் தலையில் இருந்ததை மட்டும்தான்.

காசு கொடுத்தால் கிடைக்கும் பிராஜெக்ட்

அந்த மாணவர்களுக்கு வேலை கிடைத்தது என்பதற்காக நான் இந்தக் கதையைச் சொல்லவில்லை. உங்கள் பெண் எட்டாம் வகுப்பில் செய்யும் கேமைப் பார்த்து யாரும் அமெரிக்காவிலிருந்து போன் செய்யப் போவதில்லை. நான் சொல்ல வருவது வேறு. நம் ஊரில் பிராஜெக்ட் என்ற சொல்லே கெட்டுப்போய்க் கிடக்கிறது.

இன்ஜினியரிங் படித்தவர்களுக்குத் தெரியும். இறுதியாண்டு வந்தால் பிராஜெக்ட் சென்டர் விளம்பரங்கள் கல்லூரி வாசலில் தொங்கும். பணம் கட்டினால் சோர்ஸ் கோட், ரிப்போர்ட், பவர்பாயிண்ட் எல்லாம் பைண்டிங் போட்டுக் கையில் தருவார்கள். என் வேலையில் புதியவர்களை இன்டர்வியூ செய்யும் குழுவில் சில நேரம் உட்கார வேண்டியிருக்கும். பயோடேட்டாவில் பெரிய பெரிய பிராஜெக்ட் தலைப்பு இருக்கும். "இதுல நீங்க எழுதின பகுதி எது? கொஞ்சம் சொல்லுங்க" என்று கேட்டால் பல பேர் முகம் வாடிவிடும். அவர்கள் முட்டாள்கள் இல்லை. நான்கு ஆண்டுகளில் சொந்தமாக ஒரு பொருளைத் தொடக்கம் முதல் கடைசி வரை செய்து பார்க்க அவர்களை யாரும் விடவில்லை, அவ்வளவுதான். இது கல்லூரியில் தொடங்கும் பழக்கம் என்று நினைக்காதீர்கள். ஆறாம் வகுப்பில் ஸ்டேஷனரி கடையில் ரெடிமேட் சார்ட் வாங்கி ஒட்டும்போதே தொடங்கிவிடுகிறது. எரிமலை மாடலை அப்பா செய்கிறார், அம்மா பெயின்ட் அடிக்கிறார், பிள்ளை பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போகிறது.

இப்போது ஏ.ஐ. வந்துவிட்டது. "துளி பிடிக்கும் கேம் ஒன்று எழுதிக் கொடு" என்று டைப் செய்தால் ஒரு நிமிடத்தில் புரோகிராம் வந்துவிடும். பிராஜெக்ட் சென்டருக்குப் போக வேண்டியதில்லை, காசும் இல்லை. நானும் அலுவலகத்தில் இவற்றைப் பயன்படுத்துகிறேன், எனவே அதைத் தொடவே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளை கொண்டுவந்து காட்டும் கேம் அதனுடையதுதானா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. ஏதாவது ஒன்றை மாற்றச் சொல்லுங்கள். "துளி இன்னும் மெதுவா விழட்டும்." "மூணு தடவை தவறவிட்டா கேம் முடியணும்." தானே செய்தவர்கள் எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்து நேராக அங்கே போவார்கள். வாங்கி வந்தவர்கள் முழுப் புரோகிராமையும் மேலும் கீழும் ஸ்குரோல் செய்துகொண்டே இருப்பார்கள். இதைச் சோதிக்க உங்களுக்குப் புரோகிராமிங் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை. ஆசிரியர்களும் செய்யலாம். சார்ட் பிராஜெக்டில் இப்படி ஒரு சோதனைக்கு இடமே கிடையாது. கேமுக்கு நான் ஓட்டுப் போடுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

குடமும் மழைத்துளியும்

என் அக்கா மகன் ஏழாம் வகுப்பு. பள்ளியில் மழைநீர் சேகரிப்பு பற்றி பிராஜெக்ட் கேட்டார்கள். (வேறு எதைக் கேட்பார்கள்?) ஸ்கிராட்ச்சில் ஒரு கேம் செய்கிறேன் என்று உட்கார்ந்தான். ஸ்கிராட்ச் தெரியாதவர்களுக்கு: அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் உருவாகி 2007ல் வெளியான இலவச சாப்ட்வேர். கட்டளைகளை டைப் செய்ய வேண்டாம். கலர் கலரான கட்டங்களை மவுஸால் இழுத்து ஒன்றன் கீழ் ஒன்றாகப் பொருத்தினால் போதும். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலேயே இதற்கு அறிமுகம் இருக்கிறது.

மேலிருந்து துளிகள் விழும், குடத்தை இடமும் வலமும் நகர்த்திப் பிடிக்க வேண்டும். முதல் நாள் எல்லாம் நன்றாக நடந்தது. இரண்டாம் நாள் போன் வந்தது.

"மாமா, குடத்துல விழாத துளியெல்லாம் கீழே போய் அப்படியே நிக்குது. மறைய மாட்டேங்குது."

"நீ என்னடா போட்டிருக்கே?"

"ஒய் மைனஸ் நூத்தி எண்பதைவிடக் கம்மியானா மறையணும்னு போட்டிருக்கேன். அதானே தரை?"

கணக்கு சரிதான். ஸ்கிராட்ச்சின் மேடை 480க்கு 360 அளவு. நடுவில் பூஜ்யம், கீழ் விளிம்பு மைனஸ் 180. விடையை நான் சொல்லவில்லை. துளி நிற்கும்போது அதன் ஒய் மதிப்பு என்ன என்று திரையில் காட்டச் செய்து பார் என்று மட்டும் சொன்னேன். அரை மணி நேரத்தில் அவனே கண்டுபிடித்தான். ஸ்கிராட்ச் எந்தப் படத்தையும் மேடையை விட்டு முழுவதும் வெளியே போக விடாது. துளியோ மிகச் சிறியது. ஆகவே அது விளிம்பில் தட்டி நின்றுவிடுகிறது, மைனஸ் 180க்குக் கீழே போவதே இல்லை. எனவே அவன் போட்ட நிபந்தனை எப்போதும் உண்மையாகாது. 180ஐ 170 ஆக மாற்றினான், துளிகள் மறைந்தன. மைனஸ் 170 என்பது மைனஸ் 180ஐ விடப் பெரியது என்பதைக் கணக்குப் புத்தகத்தில் எத்தனை தடவை படித்திருப்பான்! அன்றைக்கு அது அவனுக்கு ஒரு காரியத்துக்குப் பயன்பட்டது.

அதற்குப் பிறகு துளி ஒரே வேகத்தில் விழுவது அவனுக்குப் பிடிக்கவில்லை. 'வேகம்' என்று ஒரு வேரியபிள் வைத்தான். ஒவ்வொரு சுற்றிலும் அதிலிருந்து 1 குறையும், அந்த வேகத்தின் அளவுக்குத் துளி நகரும். மேலே மெதுவாகப் புறப்பட்டுக் கீழே வரும்போது சர்ரென்று வந்தது. முடுக்கம் என்று பெயர் போட்டு, ஃபார்முலா கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லும் பாடம் அது. ஏழாம் வகுப்பு மாணவன் கையில் அது ஒரு கட்டமாக இருக்கிறது. 1ஐ 2 ஆக்கினால் என்ன ஆகும் என்று மாற்றி மாற்றிப் பார்க்கிறான். இதைப் படிப்பு இல்லை என்று சொல்பவர்களோடு நான் வாதம் செய்யத் தயார்.

கடைசியில் அந்த கேம் எப்படி இருந்தது? சுமார்தான். குடம் வளைந்திருந்தது, பின்னணியில் வீடு ஒன்று காற்றில் மிதந்தது. மார்க்கில் அழகுக்காகக் கொஞ்சம் குறைத்துவிட்டார்களாம். இங்கேதான் ஆசிரியர்களிடம் எனக்குச் சின்ன மனக்குறை. பளபளவென்று பிரிண்ட் போட்டு ஸ்பைரல் பைண்டிங் செய்த பிராஜெக்டுக்கு முழு மார்க், தானே செய்த கோணல்மாணல் கேமுக்கு அதைவிடக் குறைவு என்றால் அடுத்த தடவை அவன் எங்கே போவான்? கடைக்குத்தான். கேமை நடத்திக் காட்டச் சொல்லி, இரண்டு கேள்வி கேட்டு, ஒன்றை அங்கேயே மாற்றச் சொல்லி மார்க் போட ஐந்து நிமிடம் போதும். நாற்பது பேர் வகுப்பில் அதுவும் கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். குழுவாகப் பிரித்துக் கொடுத்தால் எட்டுப் பத்து கேம்தான் வரும்.

பெரிதாக வேண்டாம்

பிள்ளைகளிடம் என்ன கேம் செய்யப் போகிறாய் என்று கேட்டால், பத்தில் எட்டுப் பேர் கார், துப்பாக்கி, ஊர் முழுக்கச் சுற்றலாம் என்பார்கள். 'ஜி.டி.ஏ.' மாதிரி! அதற்குப் பின்னால் நூற்றுக்கணக்கானவர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. நார்பாகுலர் ட்ராப்பைப் பற்றி அவர்களிடம் சொல்லுங்கள். கேம் செய்வதையே படித்தவர்கள் அவர்கள். அவர்களே ஒரே ஒரு தந்திரத்தை எடுத்துக்கொண்டு, இளவரசியைக் குதிக்கக்கூட விடாமல், சில அறைகளோடு நிறுத்திக்கொண்டார்கள். இரண்டு வாரம் நேரம் இருக்கும் ஒரு மாணவனுக்கு ஒரு திரை, ஒரு விதி, ஒரு ஸ்கோர் போதும். முடித்த பிறகு நேரம் இருந்தால் இரண்டாவது லெவல்.

நீங்கள் செய்யக்கூடாதது ஒன்றுதான். மவுஸைப் பிடுங்கி நீங்களே செய்து கொடுக்காதீர்கள். என்னைப் போல வீட்டில் சாப்ட்வேர் இன்ஜினியர் மாமா இருந்தால் அவரையும் விடாதீர்கள்.

வேலையைத் தொடங்க ஸ்கிராட்ச் தளத்திலிருந்தே சாப்ட்வேரை இலவசமாக டவுன்லோட் செய்திடலாம். இன்ஸ்டால் செய்துவிட்டால் பிறகு இன்டர்நெட் இல்லாமலும் இயங்கும். கட்டங்களில் வரும் வசனங்களைத் தமிழிலேயே டைப் செய்யலாம். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் வேறு பெயரில் சேவ் செய்யச் சொல்லுங்கள்: குடம்1, குடம்2 என்று. நேற்று ஓடியது இன்று ஓடாது, அப்போது நேற்றைய பைல் கைகொடுக்கும். எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் காப்பி செய்து வையுங்கள். ஸ்கிராட்ச் பைல் '.எஸ்பி3' என்ற துணைப்பெயருடன் இருக்கும், டபுள் கிளிக் செய்தால் ஸ்கிராட்ச் இல்லாத கம்ப்யூட்டரில் திறக்காது. ஆகவே பள்ளி லேபில் ஸ்கிராட்ச் இருக்கிறதா என்று முன்கூட்டியே ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஸ்கிராட்ச்சின் இன்ஸ்டால் பைலையும் அதே பென் டிரைவில் போட்டுக் கொடுத்தனுப்புங்கள்.